பிள்ளையின் ஐ.கியூ. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி: குறியீட்டெண்களும் கூடுதல் துணைத்தேர்வுகளும்

"எண்பத்தொன்பது, டீச்சர். பாஸா, ஃபெயிலா?"

பள்ளி விட்ட பிறகு என் வகுப்பறைக்கு வந்த ஓர் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. காலையில் படகேறிப் பினாங்குத் தீவுப் பக்கம் போய், கிளினிக்கில் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேரே வந்திருந்தார். முழுக்க ஆங்கிலம், பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. ஓரிடத்தில் மட்டும் தடித்த எழுத்தில் ஒரே ஓர் எண். வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அந்த எண் அதற்குள் போயிருந்தது.

மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு எடுக்கிறேன். நான் உளவியலாளர் இல்லை. இந்தச் சோதனையை நடத்தவோ அதை வைத்துப் பிள்ளைக்குப் பெயர் சூட்டவோ எனக்கு உரிமை இல்லை. ஆனால் ரிப்போர்ட்டை முதலில் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். உட்கார்ந்து படித்துப் படித்து ஒரு முறை பழகிவிட்டது. அந்தத் தடித்த எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். வழக்கமான பத்துத் தேர்வுகளுக்கு மேல் எதையாவது செய்திருக்கிறார்களா, எதற்காகச் செய்தார்கள் என்பதைத்தான் தேடிப் பார்ப்பேன். சோதித்தவர் மனதில் என்ன கேள்வி இருந்தது என்பது அங்கேதான் தெரியும்.

முதல் படி: எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, எந்த மொழி

நம் கைக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை 'விஸ்க்' எனப்படும் வெக்ஸ்லர் சோதனை. டேவிட் வெக்ஸ்லர் 1949இல் பிள்ளைகளுக்காக வெளியிட்டது. 1974, 1991, 2003, 2014 என்று புதுப்பித்திருக்கிறார்கள். ஐந்தாம் பதிப்பு 6 வயது முதல் 16 வயது 11 மாதம் வரை. அதைவிடச் சின்னவர்களுக்கு 'விப்சி': அதன் நான்காம் பதிப்பு இரண்டரை வயதிலிருந்து 7 வயது 7 மாதம் வரை. ஆகவே முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இரண்டில் எது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். கீழே சொல்வதெல்லாம் விஸ்க் ஐந்தாம் பதிப்பைப் பற்றியது.

பதிப்பு எண்ணைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளையை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பது பதிப்போடு மாறும். ஐந்தாம் பதிப்பின் அமெரிக்க அட்டவணை, அந்த நாட்டுப் பிள்ளைகள் 2,200 பேரைச் சோதித்து உருவானது. தலைமுறைக்குத் தலைமுறை இத்தகைய சோதனைகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் பெயரால் அதை ஃபிளின் விளைவு என்பார்கள். அதனால் பழைய பதிப்பில் எடுத்த எண் கொஞ்சம் தாராளமாகத் தெரியும்.

அடுத்தது மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழும் மலாயும், ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளை. இப்படி வளரும் பிள்ளையை ஆங்கிலத்திலேயே சோதித்தால், வாய்மொழிப் பகுதியில் அறிவோடு ஆங்கிலமும் சேர்ந்துதான் அளக்கப்படுகிறது. சோதிப்பவர் தமிழ் தெரிந்தவர், அங்கேயே மொழிபெயர்த்துக் கேட்டார் என்றால் பிள்ளைக்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் ஆங்கிலக் கேள்விக்கென்று தயாரித்த அட்டவணை அந்தப் பதிலுக்கு அப்படியே பொருந்தாது. எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பதில்கூட இந்தச் சிக்கல் உண்டு. பக்கத்துச் சீனப்பள்ளிப் பிள்ளை "யி, அர், சான்" என்று மூன்று அசையில் முடிப்பதை நம் பிள்ளை "ஒன்று, இரண்டு, மூன்று" என்று இழுக்க வேண்டும். எண்ணின் பெயர் நீளமாக இருந்தால் மனம் ஒரே மூச்சில் பிடித்து வைக்கும் எண்ணிக்கை குறையும். இது உளவியலில் நன்கு தெரிந்த விஷயம். எந்த மொழியில் சோதித்தார்கள் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.

இரண்டாம் படி: மூன்று வகை எண்கள்

சோதனை பல சிறு பகுதிகளாக, அதாவது துணைத்தேர்வுகளாக, இருக்கும். ஒவ்வொரு துணைத்தேர்வுக்கும் 1 முதல் 19 வரை ஓர் அளவு மதிப்பெண். நடுப்புள்ளி 10. பெரும்பாலான பிள்ளைகள் 7க்கும் 13க்கும் இடையே விழுவார்கள். "பத்தொன்பதுக்கு ஏழுதானா?" என்று ஓர் அப்பா தலையில் கை வைத்தார். 19 என்பது முழு மதிப்பெண் இல்லை. அவ்வளவு தூரம் போகிற பிள்ளை மிக மிக அரிது.

துணைத்தேர்வுகளைச் சேர்த்து வருவது குறியீட்டெண். நடுப்புள்ளி 100, 85க்கும் 115க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள். 90 முதல் 109 வரை சராசரி, 80 முதல் 89 வரை கீழ்ச் சராசரி, 110 முதல் 119 வரை மேல்சராசரி என்று பெயர் கொடுத்திருப்பார்கள்.

மூன்றாவது 'பெர்சென்டைல்'. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், தேர்வுத்தாள் பார்த்துப் பழகிய கண் இல்லையா? 37 என்றதும் நாற்பதைத் தொடவில்லை என்று மனம் ஓடுகிறது. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய 37 பேரை இவன் தாண்டியிருக்கிறான் என்பதுதான் பொருள். குறியீட்டெண்ணில் அது 95, நல்ல சராசரி.

எண்ணுக்குப் பக்கத்தில் '84–95' போல ஒரு வீச்சும் போட்டிருக்கும். மறுநாள் இன்னொரு தூக்கத்துக்குப் பிறகு, இன்னொரு மனநிலையில் செய்தால் எண் கொஞ்சம் நகரும் என்று ஒப்புக்கொள்வது அது. என்னைக் கேட்டால், வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டியது அந்த வீச்சைத்தான்.

மூன்றாம் படி: ஐந்து குறியீட்டெண்கள்

பத்து முதன்மைத் துணைத்தேர்வுகள், இரண்டிரண்டாக ஐந்து குறியீட்டெண்கள். வாய்மொழிப் புரிதலுக்கு 'சிமிலாரிட்டீஸ்', 'வொகாபுலரி': இரண்டு சொற்களுக்கு என்ன ஒற்றுமை, ஒரு சொல்லுக்கு என்ன பொருள். காட்சி-இடவறிவுக்கு 'பிளாக் டிசைன்', 'விஷுவல் பஸல்ஸ்': கட்டைகளை அடுக்குவது, துண்டுகளை மனதிலேயே ஒட்டுவது. புதுச் சிக்கலை யோசித்து அவிழ்க்கும் திறனுக்கு 'மேட்ரிக்ஸ் ரீசனிங்', 'ஃபிகர் வெயிட்ஸ்'. முதலாவது வரிசையில் விடுபட்ட படத்தைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது தராசுப் படம்; எந்தத் தட்டில் எதை வைத்தால் சமமாகும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வேலை நினைவுக்கு, அதாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைத்துப் பயன்படுத்தும் திறனுக்கு, 'டிஜிட் ஸ்பேன்', 'பிக்சர் ஸ்பேன்'. ஒன்று காதால் கேட்டது, மற்றது கண்ணால் பார்த்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். செயல்வேகத்துக்கு 'கோடிங்', 'சிம்பல் சர்ச்': நேரக் கட்டுப்பாட்டோடு குறிகளை எழுதுவது, தேடிக் குறிப்பது.

இவற்றில் முழு ஐ.கியூ.வுக்குள் போவது ஏழு மட்டும்: சிமிலாரிட்டீஸ், வொகாபுலரி, பிளாக் டிசைன், மேட்ரிக்ஸ் ரீசனிங், ஃபிகர் வெயிட்ஸ், டிஜிட் ஸ்பேன், கோடிங். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிக்சர் ஸ்பேன் இல்லை. காதால் கேட்கும் நினைவு மட்டுமே உள்ளே இருக்கிறது. சிம்பல் சர்ச் இல்லை. பென்சில் பிடித்து எழுத வேண்டியது மட்டுமே உள்ளே இருக்கிறது. காதில் விழுந்ததைப் பிடித்து வைக்கத் திணறும் பிள்ளைக்கும், எழுத்து வேலையில் மெதுவான பிள்ளைக்கும், சோதனை மொழி சரியாக வராத பிள்ளைக்கும் அந்த ஒரே எண் சரியும். ஏன் சரிந்தது என்று அந்த எண் சொல்லாது.

நான்காம் படி: பத்துக்கு மேல் என்ன செய்தார்கள்

சோதனைப் பெட்டியில் மொத்தம் 21 துணைத்தேர்வுகள் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் செய்ய மாட்டார்கள்; நேரம் போதாது, பிள்ளையும் தாங்காது. மிச்சப் பதினொன்றையும் சோதிப்பவர் தேவை பார்த்து எடுப்பார்.

அதில் ஆறு இரண்டாம் நிலைத் தேர்வுகள். 'இன்ஃபர்மேஷன்' பொது அறிவுக் கேள்வி. 'காம்ப்ரிஹென்ஷன்' உலக நடப்பையும் பழக்கவழக்கத்தையும் கேட்பது. இரண்டுமே பிள்ளை வளர்ந்த ஊரையும் வீட்டுப் பேச்சையும் சார்ந்தவை. அமெரிக்காவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் பட்டர்வொர்த்தில் தெரியாமல் இருந்தால் அது குறை ஆகாது. 'பிக்சர் கான்செப்ட்ஸ்' வரிசைக்கு ஒன்றாகப் படங்களை எடுத்து ஓர் இனத்தில் சேர்ப்பது. 'லெட்டர்-நம்பர் சீக்வென்சிங்' எழுத்தும் எண்ணும் கலந்து சொன்னதை, எண்ணை ஏறுவரிசையிலும் எழுத்தை அகரவரிசையிலும் மனதில் அடுக்கித் திருப்பிச் சொல்வது. 'கான்சலேஷன்' படக் கூட்டத்தில் குறிப்பிட்டதை மட்டும் வேகமாகக் கோடிட்டு அடிப்பது.

ஆறாவது 'அரித்மெடிக்': தாள் இல்லாமல், கேட்டு, மனக்கணக்காகச் செய்வது. தராசுப் படத்தில் 11 எடுத்த பிள்ளை இதில் 6 எடுத்தால் என்ன பொருள்? அளவுகளை ஒப்பிட்டு யோசிக்க அவனுக்கு வருகிறது. சொல்லப்பட்ட கதைக்கணக்கைக் காதில் வாங்கி, எண்களைப் பிடித்து வைத்து, அந்த மொழியில் புரிந்துகொள்வதில் எங்கோ தடுமாறுகிறான். தமிழ்ப்பள்ளிகளிலேயே சிலவற்றில் கணிதம் தமிழில், டிஎல்பி எனும் இருமொழித் திட்டம் நடக்கும் இடங்களில் ஆங்கிலத்தில். 'கூட்டல்' என்று படித்த பிள்ளையிடம் ஆங்கிலக் கதைக்கணக்கைச் சொன்னால் அவன் முதலில் மொழியைத் தாண்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரும் 'குவாண்டிடேட்டிவ் ரீசனிங்' குறியீட்டெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இந்த இடைவெளி மறைந்து போயிருக்கும்.

மிச்ச ஐந்தும் நிரப்புத் தேர்வுகள். இவற்றின் மதிப்பெண் 10ஐச் சுற்றி வராது, 100ஐச் சுற்றி வரும். 'நேமிங் ஸ்பீட்' இரண்டு: படம், எழுத்து, எண், அளவு ஆகியவற்றை எவ்வளவு வேகமாகப் பெயர் சொல்கிறான் என்று பார்ப்பது. 'சிம்பல் டிரான்ஸ்லேஷன்' மூன்று: புதிய குறிக்கு ஒரு சொல் என்று கற்றுக்கொடுத்து உடனே கேட்பது, நேரம் கழித்துக் கேட்பது, அடையாளம் காட்டச் சொல்வது. எழுத்தைப் பார்த்தால் ஒலி வர வேண்டும் என்பது இதே வேலைதானே! என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஐ.கியூ. கவலையே கிடையாது, 'க'வும் 'த'வும் நேற்றுத் தெரிந்தது, இன்று தெரியவில்லை என்பதுதான் கவலை. வாசிப்புச் சிக்கலுக்காக அனுப்பிய பிள்ளையின் ரிப்போர்ட்டில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லையென்றால், வாசிப்பைத் தனியாக வேறு கருவியால் சோதித்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். விஸ்க் மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று முடிவு கட்ட முடியாது.

கூடுதல் தேர்வு அதிகமானால் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். தேர்வுகளின் எண்ணிக்கை கூடக் கூட, ஏதாவது ஒன்றில் தற்செயலாகவே எண் இறங்கும் வாய்ப்பும் கூடும். முன்கூட்டியே ஒரு கேள்வி இருந்து அதற்காகச் செய்த தேர்வுக்கு மதிப்பு அதிகம். எல்லாவற்றையும் செய்துவிட்டு இறங்கிய எண்ணைத் தேடிப்பிடிப்பது வலை வீசுவது மாதிரி. ஏதோ ஒன்று சிக்கத்தான் செய்யும்.

இடையில் ஒன்று: மாற்றுத் தேர்வு

சில சமயம் முதன்மைத் தேர்வு கெட்டுப்போகும். கையில் கட்டு, நடுவில் அழுகை, பக்கத்து அறையில் டிரில் சத்தம். அப்போது முழு ஐ.கியூ.வைக் கணக்கிட, அந்த ஏழில் சேராத பொருத்தமான வேறொரு தேர்வை அதற்குப் பதில் வைக்கலாம். கோடிங்குக்குப் பதில் சிம்பல் சர்ச் அல்லது கான்சலேஷன் போல. ஐந்தாம் பதிப்பில் இப்படி ஒரே ஒரு மாற்றம்தான் செல்லும். ஐந்து முதன்மைக் குறியீட்டெண்களில் மாற்றவே கூடாது. தேர்வை முடித்த பிறகு, அதிக மதிப்பெண் வந்ததைப் பார்த்து மாற்றுவதும் முறையில்லை. மாற்றியிருந்தால் ரிப்போர்ட்டில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: துணைக் குறியீட்டெண்கள்

இங்கே ஒரு மாதிரிப் பிள்ளையை வைத்துப் பார்ப்போம். நான் பார்த்த பலருடைய சாயலில் நானே கட்டியது, எண்களும் தோராயமானவை. வயது எட்டு, இரண்டாம் ஆண்டு, சோதனை ஆங்கிலத்தில். சிமிலாரிட்டீஸ் 6, வொகாபுலரி 7. பிளாக் டிசைன் 10, விஷுவல் பஸல்ஸ் 11. மேட்ரிக்ஸ் 11, ஃபிகர் வெயிட்ஸ் 11. டிஜிட் ஸ்பேன் 7, பிக்சர் ஸ்பேன் 11. கோடிங் 7, சிம்பல் சர்ச் 9. முழு ஐ.கியூ. சுமார் 89, கீழ்ச் சராசரி.

இப்போது 'நான்வெர்பல் இண்டெக்ஸ்' பாருங்கள். வாய்திறந்து பதில் சொல்லத் தேவையில்லாத ஆறு தேர்வுகள்: பிளாக் டிசைன், விஷுவல் பஸல்ஸ், மேட்ரிக்ஸ், ஃபிகர் வெயிட்ஸ், பிக்சர் ஸ்பேன், கோடிங். இந்தப் பையனுக்கு அது நூறை ஒட்டி வரும். அதே பையன், அதே காலை, பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம். இதிலும் விளக்கங்களைப் பேசித்தான் சொல்வார்கள், ஆகவே மொழியே இல்லாத எண் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சோதனை மொழி பிள்ளையின் வீட்டு மொழியாக இல்லாதபோது நான் முதலில் தேடுவது இதைத்தான். இதற்குக் கூடுதல் தேர்வு எதுவும் வேண்டாம். முதன்மைப் பத்திலிருந்தே கணக்கிடலாம். ரிப்போர்ட்டில் இல்லையென்றால் போட்டுத் தரும்படி கேட்கலாம்.

'ஜெனரல் எபிலிட்டி' என்பது நினைவையும் வேகத்தையும் கழித்து யோசனையை மட்டும் காட்டும்; 'காக்னிட்டிவ் புரொஃபிஷியன்சி' கழித்த அந்த இரண்டையும் காட்டும். ஏடிஎச்டி எனும் கவனக்குறைவுச் சிக்கல் இருக்குமோ என்று சந்தேகப்படும் பிள்ளைக்கு இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள். ஆனால் ஜெனரல் எபிலிட்டியின் ஐந்து தேர்வுகளில் இரண்டு வாய்மொழி. நம் பையனுக்கு அதுவும் முழு உதவி ஆகாது.

அடுத்தது வேலை நினைவு. குறியீட்டெண் 94, சராசரி என்று எழுதி விட்டுவிடுவார்கள். உள்ளே பாருங்கள்: காதுக்கு 7, கண்ணுக்கு 11. இரண்டு வேறு எண்ணைக் கூட்டிப் போட்ட 94 இந்தப் பையனில் எதையுமே சரியாகச் சொல்லவில்லை. இங்கேதான் லெட்டர்-நம்பர் சீக்வென்சிங் உதவுகிறது. டிஜிட் ஸ்பேனோடு அதைச் சேர்த்தால் 'ஆடிட்டரி வொர்க்கிங் மெமரி' குறியீட்டெண் கிடைக்கும். அதில் அவன் 6 எடுத்தால் அந்தக் குறியீடு எண்பதை ஒட்டி இறங்கும், காது வழி நினைவு பலவீனம் என்ற சந்தேகம் உறுதிப்படும். 10 எடுத்தால், டிஜிட் ஸ்பேனின்போது கவனம் வேறெங்கோ போயிருக்கலாம். ஒரே ஒரு கூடுதல் தேர்வு. சோதனை நேரத்தில் சில நிமிடம்தான். (அகரவரிசை ஆங்கில எழுத்தில் என்பதை இங்கேயும் மறக்காதீர்கள். ஏ-பி-சி சரளமாகச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இதைச் செய்வதில் அர்த்தமில்லை.)

ஆறாம் படி: இடைவெளி உண்மையானதா, அரிதானதா

இரண்டு எண்களுக்கு இடையே வித்தியாசம் இருந்தால் ரிப்போர்ட்டில் இரண்டு தகவல் இருக்க வேண்டும். ஒன்று, அந்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்குப் பெரிதா. மற்றது 'பேஸ் ரேட்': சாதாரணப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் ரிப்போர்ட்டுகள் வீணாகப் பயமுறுத்துகின்றன. உண்மையான வித்தியாசமாகவும் இருக்கலாம், ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இருக்கும் சாதாரண விஷயமாகவும் இருக்கலாம். எல்லாக் குறியீட்டெண்ணும் ஒரே மட்டத்தில் நிற்கும் பிள்ளைதான் அபூர்வம்.

எண் 70க்குக் கீழே என்றால்

இந்த இடத்தில் மெதுவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஐ.கியூ. எண்ணை மட்டும் வைத்து அறிவுசார் குறைபாடு என்று சொல்லக் கூடாது. குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போய் மிச்சக் காசு வாங்கி வருவது, மற்றவரோடு பழகுவது போன்ற அன்றாடத் திறனையும் தனியாக மதிப்பிட்டு, அதிலும் குறை இருந்தால்தான் அந்தப் பெயர். வீட்டிலும் பள்ளியிலும் கேள்வித்தாள் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுப்பது சமூகநலத் துறையில், ஜேகேஎம்மில். டிஸ்லெக்சியா, ஆட்டிசம், கவனக்குறைவு எல்லாமே அங்கே 'கற்றல் சிக்கல்' என்ற ஒரே பிரிவில்தான் வரும். அதனால் கார்டு எடுத்தால் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று முத்திரை விழும் என்ற பயம் தேவையில்லை. உறவுக்காரர் என்ன சொல்வார்கள் என்பதற்காக இரண்டு வருடம் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடம் பிள்ளைக்குத் திரும்ப வராது.

திரும்பிப் போய்க் கேட்க வேண்டியவை

ரிப்போர்ட் வாங்கும்போது விளக்கச் சந்திப்பும் உங்களுக்கு உரியது. முடிந்தால் வகுப்பாசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்போடு போங்கள். எந்த மொழியில் நடத்தினீர்கள்? ஒரே குறியீட்டெண்ணுக்குள் இருக்கும் இரண்டு தேர்வுகள் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன? அதைத் தெளிவாக்க ஒரு கூடுதல் தேர்வு செய்ய முடியுமா? பையன் சோர்ந்திருந்தானா, பேச வெட்கப்பட்டானா? வகுப்பில் நாளைக்கு எதை மாற்ற வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ரிப்போர்ட் பள்ளிக்கு உதவாது.

இரண்டு விஷயம் செய்யாதீர்கள். தேர்வுக் கேள்விகளை இணையத்தில் தேடிப் பிள்ளைக்குப் பழக்கிவிடாதீர்கள். பிறகு வரும் எண் யாருக்கும் எதையும் சொல்லாது. எண் பிடிக்கவில்லை என்று மறுமாதமே இன்னொரு கிளினிக்குக்குப் போகாதீர்கள். கேள்வி நினைவிருப்பதால் எண் தானாக ஏறும். ஓராண்டாவது போகட்டும். மறுபடி போகும்போது முதல் ரிப்போர்ட்டை மறைக்காமல் காட்டுங்கள்.

அந்த அம்மா இரண்டாம் முறை கிளினிக்குக்குப் போய்க் கூடுதல் தேர்வு செய்து வந்தார். முழு ஐ.கியூ. அதே 89தான். காது வழி நினைவு பலவீனம் என்பது மட்டும் தெளிவானது. இப்போது அவர் மகனுக்கு மூன்று கட்டளையைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஒன்றைச் சொல்லி, அது முடிந்த பிறகே அடுத்தது. கதைக்கணக்கை வாசித்துக் காட்டும்போதே பலகையில் படமாக வரைகிறேன். சொல்வதெழுதுதலில் வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொல்கிறேன். போன வாரம் பத்துக்கு ஆறு வாங்கினான். தாளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற அம்மாவிடம் ஓடினான். அவர் அதையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினார்.